டம்மிகள் ஏறிய பஸ்

பதினொரு வருஷமாக அவள் வேன் ஏறிக்கொண்டிருக்கிறாள். ஒரு கிலோமீட்டர்கூடப் பயணம் போனதில்லை. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அதுதான் அவள் பிழைப்பு. ஸ்டாண்டில் சின்னவன் பெரியவன் எல்லோருக்கும் அவள் டம்மியக்கா.

விஷயம் இதுதான். அந்த ஊர் மக்களுக்கு வேனை விட்டால் வேறு கதி கிடையாது. வேனுக்கோ நேரம் காலம் கிடையாது, ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். காலி வேனில் எந்த மடையன் முதலில் ஏறுவான்? தகரக் கூரைக்குக் கீழே முக்கால் மணி நேரம் வெந்து சாக யாருக்கு ஆசை? ஆனால் இரண்டே சீட்டுதான் பாக்கி என்று தெரிந்தால் அதே ஆள் செருப்பு அறுந்து விழ ஓடி வருவான். அதற்காக ஸ்டாண்டில் இருபத்திரண்டு பேரை வைத்திருந்தார்கள், வெறுமனே உட்காருவதற்கு. ஜன்னலோரம் உட்கார வேண்டும். அடிக்கடி வாட்சைப் பார்க்க வேண்டும். "எப்பப்பா எடுப்பே, எனக்கு வேலைக்கு நேரமாச்சு" என்று டிரைவரை நாலு திட்டு திட்ட வேண்டும். நிஜ ஆள் ஏற ஏற, கிளீனர் வேனின் பக்கத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவான். உடனே ஒவ்வொருவராக, "ஐயையோ, சாவியை மறந்துட்டேனே" என்று இறங்கி, அடுத்த வேனில் போய் ஏறிக்கொள்ள வேண்டும்.

இதில் டம்மியக்கா கைதேர்ந்தவள். அவள் முகத்தைப் பார்த்தால் ஏதோ சாவு வீட்டுக்கு அவசரமாகப் போகிறவள் மாதிரி இருக்கும். அவளுக்கு அடுத்த கெட்டிக்காரர் பேப்பர்காரர். அறுபது வயசுக்காரர். ஒரே பழைய பேப்பரை ஒரு மாசம் பிரித்துப் படிப்பார், பக்கத்தைக்கூடத் திருப்ப மாட்டார். "நியூஸ் என்ன சார்?" என்று யாராவது கேட்டால், "நேத்து மாதிரியேதான்" என்பார்.

பிறகு ரோடு வந்தது. நாட்டை முன்னேற்றப் போகிறோம் என்று நாலு வருஷம் குழி தோண்டினார்கள், தூசியில் பாதிப் பேருக்கு இருமல் வந்தது, ஒரு வழியாகப் போட்டும் முடித்தார்கள். ரோட்டின் நடுவில் பெரிய பஸ்ஸுக்கென்று தனிப் பாதை. கதவு தானே திறக்கும், தானே மூடும். வேனில் இரண்டு மணி நேரம் ஆகிற தூரத்தை முப்பத்தைந்து நிமிஷத்தில் கொண்டுபோய் விட்டது. எல்லாவற்றையும்விட ஸ்டாண்டு ஆட்களால் பொறுக்கமுடியாதது ஒன்றுண்டு. அது மணி அடித்தால் கிளம்பிவிடும். உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதே கிடையாது.

"ஆளே இல்லாம போகுது பாருடா, பைத்தியக்கார வண்டி" என்று முதலில் சிரித்தார்கள். மூன்று மாசம் வெள்ளோட்டம், அதில் ஜனம் ஏறிவிட்டால் பெரிய ரோட்டில் வேனே ஓடக்கூடாது என்று அறிவிப்பு வந்ததும் சிரிப்பு நின்றது. முந்நூறு வேன். ஒவ்வொரு வேனையும் நம்பி மூன்று குடும்பம். அவர்கள் என்ன செய்வார்கள், கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்களா? கல் எடுத்தார்கள். இரண்டே வாரத்தில் ஒன்பது பஸ்ஸின் கண்ணாடி போயிற்று. இரண்டாவது வாரம் சந்தை நிறுத்தத்தில் ஒரு டிரைவரைச் சட்டையைப் பிடித்து இறக்கி, நடைமேடைக் கல்லில் அவன் கையை வைத்து ஜாக்கிக் கம்பியால் அடித்தார்கள். டம்மியக்கா எதிர்ச்சாரி வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டு போன சத்தம் அவள் காதுவரைக்கும் கேட்டது. அன்று அவள் வாட்சைப் பார்க்கவில்லை, யாரையும் திட்டவில்லை. ஏனென்றால் அதே மாதிரி ஒரு பஸ்ஸைத்தான் அவள் பெற்ற ஒரே பெண் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

இது ஸ்டாண்டில் ஒருத்தருக்கும் தெரியாது. மகள் தையல் கம்பெனிக்குப் போகிறாள் என்று சொல்லிவைத்திருந்தாள். தெரிந்த ஒரே ஆள் அவள் தம்பி. அவனை ரிவர்ஸ் என்பார்கள். ஒருமுறை போலீஸ் துரத்தியபோது ஒரு தெரு முழுக்க வேனைப் பின்பக்கமாகவே ஓட்டித் தப்பியவன். அம்மா செத்தபோது அவனுக்கு நாலு வயசு, அவளுக்குப் பதினாலு. இடுப்பில் சுமந்து, தன் தட்டுச் சோற்றில் பாதியைப் பிரித்துப் போட்டு ஆளாக்கிய பிள்ளை. இப்போது ஸ்டாண்டுத் தலைவருக்கு வலது கை.

ஒரு நாள் மத்தியானம், கால் மரத்துப்போய், அவள் வேனின் கடைசி சீட்டில் சாய்ந்து கிடந்தாள். முன்னால் தலைவர் ஏறினார், பின்னாலேயே தம்பியும் இன்னும் மூன்று பேரும்.

"தலைவரே, பின்னால டம்மியக்கா இருக்கு" என்றான் ஒருவன்.

தலைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது இருந்தா என்ன, சீட்டுக் கவர் இருக்கற மாதிரிதானே."

எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது, ஆனால் கண்ணை மூடியே கிடந்தாள்.

"நாளைக்கு ஒன்பதேகால் பஸ். மேம்பாலத்துக்குக் கீழ டயரைக் கொளுத்தி மறிச்சிடுங்க" என்றார் தலைவர். "நல்லாக் கேட்டுக்குங்க. உள்ள ஆள் இருந்தா கை வைக்கக் கூடாது. நாலு ஜனத்துக்கு அடிபட்டுச்சுன்னா ஊரே நம்ம மேல பாயும். அந்த நேரத்துக்கு எப்பவும் காலியாத்தான் வருது. காலின்னா டிரைவரை இறக்கி ரெண்டு கையையும் முறிச்சிடுங்க, வண்டியைக் கொளுத்துங்க. கை இருந்தாத்தானே அப்புறம் ஸ்டியரிங்கைப் பிடிப்பான்?"

"சரி தலைவரே" என்றது ஒரு குரல். அது தம்பியின் குரல்.

ஒன்பதேகால் பஸ்ஸை ஓட்டுவது அவள் மகள்.

சாயங்காலம் குழாயடியில் வேனைக் கழுவிக்கொண்டிருந்த தம்பியின் முன்னால் போய் நின்றாள்.

"ஏண்டா, அந்த பஸ்ஸை யாரு ஓட்டறான்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். கத்தாதே."

"தெரிஞ்சுமா சரி தலைவரேன்னு மண்டைய ஆட்டின? அவ கையாடா? நீ பிடிச்சு நடை பழக்கின கைடா அது!"

அவன் துணியைப் பிழிந்து உதறினான். "அதுக்குத்தான் சொல்றேன்க்கா, நாளைக்கு அவளை லீவு போடச் சொல்லு. வேற எவனாவது ஓட்டட்டும். நான் வாயத் திறந்தா என் வண்டியைத்தான் முதல்ல கொளுத்துவானுங்க. எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு."

"வேற எவனாவதுன்னா அவனைப் பெத்தவ மனுஷி இல்லையா?"

"உள்ள ஆள் இருந்தா தொடமாட்டோம்க்கா. அது தலைவர் வாக்கு. அவரு வாக்கு மாற மாட்டாரு" என்றான். பிறகு டயரைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டான்.

வீட்டுக்குப் போய் மகளிடம் கெஞ்சினாள், மிரட்டினாள், தலையில் அடித்துக்கொண்டாள். மகளா கேட்பாள்? அம்மாவின் பிடிவாதம் அப்படியே வந்திருந்தது.

"வெள்ளோட்டம் முடியறதுக்குள்ள ஒரு டிரிப் ஓட்டலேன்னாலும் வேலை போயிடும்மா. நாங்க பொம்பளைங்க மொத்தமே ஆறு பேரு. நான் பயந்து லீவு போட்டேன்னு வெச்சுக்கோ, இவளுங்களுக்கெல்லாம் ஸ்டியரிங் எதுக்குன்னு நாளைக்கே அஞ்சு பேரையும் அனுப்பிடுவானுங்க. பாதுகாப்பு வேணும்னு டிப்போவுல முன்னாடியே சொல்லியிருக்கேன், போலீஸ் பஸ்ஸோடயே வரும்."

"போலீஸா! ஸ்டாண்டுல ஓசி டீ குடிக்கறவனா உன்னைக் காப்பாத்தப் போறான்?"

"அப்ப நீ வந்து காப்பாத்து" என்று சொல்லிவிட்டு மகள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கோபத்தில் சொன்ன வார்த்தைதான். ஆனால் டம்மியக்காவின் மண்டைக்குள் அது போய் உட்கார்ந்துகொண்டது. ஆள் இருந்தால் தொடமாட்டார்கள். சரி, ஆள் இருக்கும்படி செய்தால் போயிற்று! காலி வண்டியை நிறைந்த வண்டியாகக் காட்ட அவளைவிட்டால் இந்த ஊரில் வேறு யாருக்குத் தெரியும்?

விடிந்ததும் விடியாததுமாக ஒவ்வொரு டம்மி வீட்டுக் கதவையும் தட்டினாள். மகள் விஷயத்தை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள். சிலர் பயந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். பதினேழு பேர் வந்தார்கள்.

"எனக்கு என்னம்மா தருவே?" என்று பேப்பர்காரர் கேட்டார்.

"இன்னிக்கு ஒரு நாள் நிஜமாவே எங்கேயாவது போகலாம், வாங்க."

"அப்ப சரி" என்று பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஒன்பதேகாலுக்கு முதல் நிறுத்தத்தில் பதினெட்டுப் பேராக ஏறினார்கள். அம்மாவைப் பார்த்ததும் மகள் சீட்டிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். "நீதானே கூப்பிட்டே" என்று டம்மியக்கா டிரைவர் சீட்டுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தாள். மற்றவர்களைத் தொழில்முறைப்படி ஜன்னலோரமாகப் பரப்பி வைத்தாள். ஒரு சீட்டில் ஒருவர், பக்கத்துச் சீட்டு காலி. வெளியிலிருந்து பார்த்தால் பஸ் நிறைந்துவழிந்தது. அடுத்த நிறுத்தத்தில் இரண்டு வாரமாகப் பஸ்ஸைக் கண்டாலே ஒதுங்கிப்போன ஜனம் கொஞ்சம் தயங்கிப் பார்த்தது. இவ்வளவு பேர் போகும்போது நமக்கென்ன என்று ஒரு நர்ஸ் ஏறினாள். அவளைப் பார்த்து ஒரு மெக்கானிக். பிறகு ஒரு புருஷன் பெண்டாட்டி. மூன்று நிறுத்தத்தில் எட்டு நிஜ ஆட்கள்.

டம்மியக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. பஸ் வழுக்கிக்கொண்டு போயிற்று. பதினொரு வருஷம் ஜன்னலோரம் உட்கார்ந்தவள், ஜன்னலுக்கு வெளியே கடைகள் ஓடுவதை இப்போதுதான் பார்க்கிறாள். பேப்பர்காரர் பேப்பரைப் பிரிக்கவே இல்லை, வாயைப் பிளந்துகொண்டு வேடிக்கை பார்த்தார். கூட வந்த ஒற்றை மோட்டார் சைக்கிள் போலீஸ், மேம்பாலத்தின் கீழ் புகையைப் பார்த்ததும் சத்தமில்லாமல் சந்துக்குள் திரும்பிப்போனான்.

பாதையின் குறுக்கே நாலு டயர் எரிந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் முப்பது பேர், கையில் கம்பியும் கல்லும். டயர்களுக்கு அந்தப் பக்கம் ஒரு தண்ணி லாரி வழியில்லாமல் நின்றது. மகள் பிரேக்கைப் போட்டாள்.

"பயப்படாதே. பாரு, அவனுங்களே தயங்கறானுங்க" என்றாள் அம்மா.

உண்மைதான், தயங்கினார்கள். "ஆள் இருக்குடா", "ஃபுல்லா இருக்குதே" என்று ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்தான். கல்லை ஓங்கிய கைகள் தாழ்ந்தன. அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு தம்பி வந்தான். கையை நெற்றியில் குடை மாதிரி வைத்து, ஒவ்வொரு ஜன்னலாகக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தான். டம்மியக்கா ஜன்னலில் ஒரு நொடி நின்றான். அவனும் அவளும் ஒரு சாண் இடைவெளியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் முகம் சுண்டிப்போயிற்று.

"என்னடா ரிவர்ஸ், ஆளுங்களா?" என்று பின்னாலிருந்து தலைவர் கத்தினார்.

அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் அங்கே நின்ற முப்பது பேரில் யாருக்குத்தான் அந்த முகங்கள் தெரியாது? தினமும் பார்க்கிற முகம். ஒருவன் அதற்குள் பேப்பர்காரரைக் கண்டுபிடித்துவிட்டான். "அடச்சீ, பேப்பர்காரர்டா! அங்க பாரு, அந்தப் பல்லுக்காரி! எல்லாம் நம்ம டம்மிங்க!"

"ஆமா தலைவரே" என்றான் தம்பி. "எல்லாம் டம்மிதான். ஆள் இல்ல."

எட்டு நிஜ ஆட்கள் உள்ளே இருந்தார்களே என்றால், இருந்தார்கள்தான். அவர்களையும் பஸ் கம்பெனிக்காரன் புதிதாகப் பிடித்துவந்த டம்மிகள் என்றே நினைத்தார்கள். டம்மியோடு உட்கார்ந்திருப்பவன் டம்மியாகத்தானே இருப்பான்! இந்த உலகத்தில் வேறு எந்தக் கூட்டம் வந்து மறித்திருந்தாலும் அந்த பஸ் தப்பியிருக்கும். இவர்களிடம் மட்டும் தப்பாது. அவள் அதை யோசிக்கவில்லையே, பாவி, அந்த ஒன்றை மட்டும் யோசிக்கவில்லையே!

பஸ்ஸின் பக்கத் தகரத்தில் இரண்டு தட்டு விழுந்தது. "இறங்குங்க, இறங்குங்க, வேலை முடிஞ்சுது!" பழக்கதோஷம், பதினேழு பேரும் ஒரே மாதிரி எழுந்தார்கள்.

"உட்காருங்க!" என்று டம்மியக்கா அலறினாள். "யாரும் இறங்காதீங்க. நாம இறங்கினா எம் பொண்ணு கையை எடுத்துடுவானுங்க. உங்களைக் கும்பிடறேன், உட்காருங்க!"

உட்கார்ந்தார்கள். பேப்பர்காரர் முதலில் உட்கார்ந்தார், கடைசி சீட்டில், கையைக் கட்டிக்கொண்டு. "நிஜப் பாசஞ்சர்டா நான், போடா" என்று ஜன்னல் வழியாகக் கத்தினார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் குரலை உயர்த்தியது அன்றுதான்.

அந்த வீம்புதான் அவர்களுக்கு வெறியேற்றியது. டம்மி எதிர்த்துப் பேசுவதா? முன்கண்ணாடியில் கம்பி இறங்கியது. ஒரு அடி, இரண்டு அடி, மூன்றாவதில் கண்ணாடி மொத்தமாக உள்ளே கொட்டியது. மகள் "அம்மா!" என்று முகத்தைப் பொத்தினாள். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. பக்க ஜன்னலை உடைத்து இரண்டு பேர் அவள் தோளைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். டம்மியக்கா எழுந்து ஒருவனின் கையைக் கடித்தாள். வாயில் தோலும் உப்பும் வந்தது. மெக்கானிக் தன் பையிலிருந்த ஸ்பேனரால் இன்னொருவனின் கைமுட்டியில் போட்டான், எலும்பு தெரிந்தது, பிடி விட்டது.

அதே நேரம் பின்னால் ஒரு பாட்டில் வந்து உடைந்தது. குப்பென்று தீ. கடைசி மூன்று வரிசையும் ஒரே மூச்சில் பற்றிக்கொண்டது. நர்ஸ் பின்கதவை உதைத்தாள், கதவு திறக்கவில்லை. பேப்பர்காரர் எழுந்து நின்றார், உடம்பெல்லாம் தீயாக. அவர் கத்தவே இல்லை, நடுவழியில் இரண்டு எட்டு வைத்து அப்படியே விழுந்தார். எல்லோரும் முன்பக்கம் நெட்டித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முன்கதவுக்கு வெளியே கம்பிகளோடு பத்துப் பேர் நின்றார்கள்.

"வண்டியை எடு!" என்றாள் டம்மியக்கா. "டயர் மேலயே ஏத்து. தண்ணி லாரி அந்தப் பக்கம் நிக்குது. எடுடி!"

"கண்ணு தெரியலம்மா! கண்ணுல கண்ணாடி! ஒண்ணுமே தெரியல!" மகளின் கை தடவித் தடவி ஸ்டியரிங்கைப் பிடித்தது. கால் ஆக்ஸிலேட்டரைத் தேடியது. "முன்னால யாராவது இருக்காங்களாம்மா? யாராவது நிக்கறாங்களா?"

டம்மியக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

பஸ்ஸுக்கு நேர் முன்னால், மூன்று அடியில், தம்பி நின்றான். இரண்டு கையையும் அகலமாக விரித்திருந்தான். வாய் திறந்து ஏதோ கத்திக்கொண்டிருந்தான். பஸ்ஸை நிறுத்து என்கிறானா, தன் ஆட்களை நிறுத்துங்கடா என்கிறானா, அந்தக் கூச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை. புகைக்கு நடுவே அவன் முகம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. நாலு வயசில் அழுதபோது இருந்த அதே முகம். பின்னால் ஒருத்தி உயிரோடு வேகிற அலறல். தலைமுடி கருகும் நாற்றம். எண்ண நேரமில்லை.

"யாருமில்ல" என்றாள் அம்மா. "நேராப் போ."

மகள் அழுத்தினாள். பஸ் ஒரு முறை தூக்கிப் போட்டது. பிறகு டயர்கள் மேல் ஏறி இன்னொரு முறை. தண்ணி லாரிக்காரன் குழாயைத் திறந்துகொண்டு ஓடிவந்தான்.

பேப்பர்காரரும், அந்தப் புருஷன் பெண்டாட்டியில் பெண்டாட்டியும் அங்கேயே போய்விட்டார்கள். ஆறு பேருக்குத் தீக்காயம். மற்றவர்கள் பிழைத்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில், முழங்கைவரை கட்டுப்போட்டு டம்மியக்கா உட்கார்ந்திருந்தாள். உள்ளே மகளுக்குக் கண்ணிலிருந்து சில்லு எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கண் நிச்சயம் தேறும், இன்னொன்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். மயக்கம் கொடுப்பதற்கு முன்னால் மகள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மாமா அந்தக் கூட்டத்துல இருந்தாராம்மா?" டம்மியக்கா அவள் விரல்களைத் தடவிக்கொடுத்தாள். பத்து விரலும் இருந்தது.

இன்ஸ்பெக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"வண்டிக்கு அடியில ஒரு ஆள் செத்திருக்கான். டிரைவர் பேர்லதான் கேஸ் போடணும். ஆள் நிக்கறது தெரிஞ்சே ஏத்தியிருக்காங்கன்னு ஸ்டாண்டுல இருபது பேர் சொல்றானுங்க."

"அவளுக்குக் கண்ணு தெரியல சார். முன்னால யாராவது இருக்காங்களான்னு என்னைத்தான் கேட்டா. யாருமில்லன்னு நான்தான் சொன்னேன்."

"சரி. புகையில உங்களுக்கும் தெரிஞ்சிருக்காது, இல்லையா?" என்று அவர் பேனாவைத் திறந்தார். நல்ல மனுஷன் போலிருக்கிறது, பதிலை அவரே எடுத்துக் கொடுத்தார். ஆமாம் என்று தலையாட்டினால் அதோடு எல்லாம் முடிந்துவிடும். டம்மியக்கா ஆட்டத்தான் பார்த்தாள். ஆனால் அவனை ஒரு தடவை யாருமில்லை என்று சொன்னவளால் இன்னொரு தடவை சொல்ல முடியவில்லை. அடிவயிற்றிலிருந்து அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது.

"தெரிஞ்சுது சார். நல்லாத் தெரிஞ்சுது. என் தம்பி. நான் சோறூட்டி வளர்த்த புள்ள, ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நின்னான். எழுதிக்குங்க."